டிப்ளோட்டீனில் காத்திருந்தது

"அன்னிக்கு அந்தப் பெட்டியை நீ தூக்கியிருக்கக் கூடாது." அம்மா இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. என் தலையைக் கோதிக்கொண்டே, தனக்குத்தானே பேசுவது போல, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியம் மாதக்கணக்கில் என்னோடு இருந்தது. எனக்கு அப்போது 36 வயது. ஒன்பதாவது வாரத்தில் கரு கலைந்திருந்தது. அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால், பரணிலிருந்து புத்தகப் பெட்டி ஒன்றை நானே இறக்கி வைத்தேன். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பெட்டியின் அடியில் கை கொடுத்த இடம், அதை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டு இறங்கிய இரண்டு படி, தரையில் வைத்தபோது இடுப்பில் சுருக்கென்று ஒரு பிடிப்பு, எல்லாம் இப்போதும் அப்படியே நினைவில் இருக்கிறது. சாதாரண நாளாக இருந்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன்.

பெட்டியோடு நிற்கவில்லை. வேலை முடிந்து லேட்டாகப் படுத்த இரவுகள், ஒரு நீண்ட பேருந்துப் பயணம், கணவரோடு போட்ட ஒரு சண்டை, கர்ப்பம் என்று தெரியும் முன் போட்ட தலைவலி மாத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சேர்த்துக்கொண்டே போனேன். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். "விடு, அடுத்த தடவை கவனமா இருந்துக்கலாம்" என்றார்கள். அந்தக் 'கவனமா' என்ற சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது என்று சொல்பவர்களுக்குத் தெரிவதில்லை. இந்தத் தடவை கவனமாக இல்லை என்றுதானே அதற்குப் பொருள்? கரு கலைந்த பெண்ணிடம் இந்தச் சொல்லைச் சொல்லவே கூடாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. அவர்கள் சொல்வது சரி என்றுதான் நினைத்தேன்.

மூன்று கோடுகள்

கலைந்த திசுவைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. அதை விளக்க அழைத்தபோது கணவர் ஊரில் இல்லை, அம்மாதான் கூட வந்தார். டாக்டர் ஒரு தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். குரோமோசோம்களின் படம். குறுக்கே கருப்பும் சாம்பலுமாகப் பட்டை போட்ட சின்னச் சின்ன நூல்துண்டுகள், பெரியதிலிருந்து சிறியதுவரை ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே ஓர் எண். பள்ளிப் புத்தகத்தில் இந்த மாதிரிப் படத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இது யாரோ ஒருவருடைய படம் இல்லை. டாக்டர் பேனா முனையை 16 என்ற எண்ணுக்கு மேல் வைத்தார். அங்கே மூன்று இருந்தன. மற்ற இடங்களில் எல்லாம் இரண்டு. அதில் மட்டும் மூன்று, ஒன்றுக்கொன்று கொஞ்சம் சாய்ந்தபடி.

டிரைசோமி 16 என்றார். கலைந்துபோகும் கருக்களில் மிக அதிகமாகக் காணப்படும் டிரைசோமி இதுதானாம். எல்லா செல்லிலும் 16-ஆவது குரோமோசோம் மூன்றாக இருந்தால் அந்தக் கரு முழுதாக வளராது, யார் என்ன செய்திருந்தாலும் வளர்ந்திருக்காது என்றார். முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதிக்கு இப்படி ஏதாவது ஒரு குரோமோசோம் கணக்குப் பிழைதான் காரணமாக இருக்கும் என்றும் சொன்னார். நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தேதியில இது நடந்திருக்கும் டாக்டர்?" என்பதுதான். அவருக்கு அது விநோதமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு இல்லை. பெட்டி தூக்கிய தேதி எனக்கு மனப்பாடம்.

"கர்ப்பம் ஆகறதுக்கு முன்னாடியே" என்றார் டாக்டர். "16-ல வர்ற பிழை அனேகமா எப்பவுமே முட்டையோட முதல் பகுப்பில வர்றது. முட்டை வெளியில வர்றதுக்குச் சில மணி நேரம் முன்னாடி அது பிரியணும், சரியாப் பிரியல. விந்தணு வர்றப்பவே உள்ள ஒண்ணு அதிகமா இருந்திருக்கு." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனா அந்தப் பகுப்பு ஆரம்பிச்சது அன்னிக்கு இல்ல. நீங்க பிறக்கறதுக்கு முன்னாடி. உங்க அம்மா வயித்துல நீங்க இருந்தப்ப" என்றார்.

நான் நிமிர்வதற்குள் அம்மா கேட்டுவிட்டார்: "அப்போ என் வயித்துல வந்த கோளாறா?"

அந்தக் குரலை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பெட்டியைப் பற்றிச் சொன்ன அதே அம்மா. இத்தனை நாள் என்மேல் இருந்த பழி ஒரே நொடியில் இடம் மாறி அவர்மேல் உட்கார்ந்துகொண்டது. அவர் அதைத் தட்டிவிடவும் இல்லை, உடனே ஏற்றுக்கொண்டார். 36 வருடத்துக்கு முந்தைய தன் கர்ப்ப காலத்தை அந்த நொடியிலேயே அவர் துழாவ ஆரம்பித்துவிட்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நானும் அப்படித்தானே துழாவிக்கொண்டிருந்தேன்?

பழைய ஐந்து சொற்கள்

டாக்டர் அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, நீல மையில் ஒரு கோடும் சிவப்பு மையில் ஒரு கோடும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார். வரைந்துகொண்டே, "டிப்ளோட்டீன்னு படிச்சிருப்பீங்களே" என்றார். படித்திருக்கிறேன். லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ். முட்டையும் விந்தணுவும் உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். அதன் தொடக்கக் கட்டமான முதல் புரோஃபேஸில் வரும் ஐந்து துணைநிலைகள் இவை. பரீட்சைக்காக இவற்றை வரிசை மாறாமல் ஒப்பிக்கப் பழகியது இன்னும் மறக்கவில்லை. என்ன பொருள் என்று கேட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன். எதற்காக ஐந்து, ஏன் இவ்வளவு நீளமான ஏற்பாடு, இது யாருடைய உடம்பில் எப்போது நடக்கிறது என்று அந்தப் பாடத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து மறுபடி படித்தேன். பெண் குழந்தை கருவில் இருக்கும்போது, 11, 12 வாரம் ஆகும் சமயத்தில், அதன் சினைப்பையில் உள்ள செல்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கிவிடுகின்றன. 20-ஆவது வாரத்தில் 60, 70 லட்சம் செல்கள் இருக்கும். அவை லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன் எல்லாம் கடந்து, அப்பா வழி குரோமோசோமும் அம்மா வழி குரோமோசோமும் ஜோடி சேர்ந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு, டிப்ளோட்டீன் வரைக்கும் வந்து, அங்கேயே நின்றுவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம் வரைதான் மிச்சம். பருவம் எய்தும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாளில் வெளியே வருவது ஏதோ 400, 500. மாதம் ஒன்று வெளியே வரும்போதுதான் அந்த ஒரு செல் நின்ற இடத்திலிருந்து மீண்டும் நகர்ந்து முதல் பகுப்பை முடிக்கிறது. உடனே இரண்டாம் பகுப்பைத் தொடங்கி, பாதியில் மறுபடி நிற்கிறது. விந்தணு உள்ளே நுழைந்தால் மட்டுமே அதையும் முடிக்கிறது. நுழையாவிட்டால் முடிக்காமலே அழிந்துபோகிறது.

ஆண் உடம்பில் கதையே வேறு. பருவம் வந்த பிறகுதான் அங்கே குன்றல் பகுப்பு தொடங்குகிறது. தொடங்கினால் நிற்காது. விந்தணு ஒன்று உருவாகி முடிய இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம் ஆகும், அவ்வளவுதான். அங்கே காத்திருப்பு கிடையாது.

அந்த ஐந்து சொற்களை ஜன்னல் பக்கம் நின்று ஒப்பித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண்ணை நினைத்துப் பார்த்தேன். அவள் டிப்ளோட்டீன் என்று வாய்விட்டுச் சொன்ன அந்த நேரத்தில், அவளுக்குள்ளேயே லட்சக்கணக்கான செல்கள் டிப்ளோட்டீனில்தான் இருந்தன. அவற்றில் ஒன்று இன்னும் இருபது வருடம் காத்திருந்து, என் ஒரே கர்ப்பத்துக்குக் காரணமாகப் போகிறது. என்னைப் பற்றிய பாடத்தை நான் யாரைப் பற்றியோ என்று படித்திருக்கிறேன். இதை நினைத்து அன்று அழுதேன். கரு கலைந்த பிறகு, குற்ற உணர்ச்சி இல்லாமல் அழுதது அதுதான் முதல் தடவை.

வெட்டிக்கொள்ளும் இழைகள்

டாக்டர் வரைந்த படத்துக்கு மறுபடி வருகிறேன். நீலமும் சிவப்பும் பக்கத்தில் நின்றன அல்லவா, இரண்டுக்கும் நடுவில் ஒரு எக்ஸ் போட்டார். "இதுதான் முடிச்சு" என்றார். கயாஸ்மா என்று பாடத்தில் வரும். அந்த முடிச்சு எப்படி உண்டாகிறது என்று படித்தபோது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. செல் தன்னுடைய டிஎன்ஏவைத் தானே வெட்டுகிறது. ஸ்போ11 என்ற புரதம் இதற்கென்றே இருக்கிறது. சாதாரண நேரத்தில் டிஎன்ஏவின் இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் செல்லுக்கு உயிர் போகிற ஆபத்து. ஓடிவந்து ஒட்டப் பார்க்கும், முடியாவிட்டால் செத்தும் போகும். குன்றல் பகுப்பில் மட்டும் செல் வேண்டுமென்றே நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தன்னை வெட்டிக்கொள்கிறது. வெட்டிய இடத்தை ஒட்ட ஜோடியில் உள்ள மற்றதைத் தேடிப் போகிறது. அப்படித் தேடிப்போய் ஒட்டும்போது சில இடங்களில் துண்டு இடம் மாறிவிடுகிறது. அப்பா வழியில் வந்த குரோமோசோமில் அம்மா வழித் துண்டு, அம்மா வழியில் வந்ததில் அப்பா வழித் துண்டு. இதைத்தான் குறுக்கேற்றம் என்கிறோம். துண்டுகள் உண்மையிலேயே இடம் மாறுகின்றன என்பதை 1931-இல் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்லின்டாக்கும் மக்காச்சோளத்தில் கண்ணால் பார்க்கும்படி நிரூபித்தார்கள்.

குறுக்கேற்றம் என்றால் வேறுபாடுகளை உண்டாக்குவதற்கு என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன். அண்ணன் தம்பி ஒரே மாதிரி இல்லாததற்கு அதுதான் காரணம் என்று எல்லாரும் எழுதுவோம். அது சரிதான். 23 ஜோடியில் எது எந்தப் பக்கம் போகிறது என்ற கணக்கிலேயே ஒருவரிடமிருந்து 83,88,608 விதமான சேர்க்கை வரலாம். தாய் தந்தை இருவரையும் சேர்த்தால் 70 லட்சம் கோடியைத் தாண்டும். துண்டு மாறுவதையும் சேர்த்தால் கணக்கே இல்லை. ஆனால் அந்த முடிச்சுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜோடியைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். முடிச்சு இருந்தால்தான் இரண்டும் எதிரெதிர்ப் பக்கமாக இழுபட்டு, விறைப்பாக நின்று, சரியான நேரத்தில் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிய முடியும். முடிச்சு நெகிழ்ந்தால் இரண்டும் தனித்தனியே அலைந்து, சில சமயம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். சேர்ந்து இருந்தவைதான் ஒழுங்காகப் பிரியும். இதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

முடிச்சு அவிழாமல் இருக்க, நகலெடுத்த இழைகளைச் சுற்றி வளையம் மாதிரி கோஹீசின் என்ற புரதம் மாட்டியிருக்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகளின்படி, இந்த வளையங்கள் கருவில் இருக்கும்போது மாட்டப்பட்டவை. பிறகு புதிதாக மாட்டுவது அனேகமாக இல்லை. அதாவது ஒரு தடவை கட்டிய கட்டு இருபது, முப்பது, நாற்பது வருடம் தாங்க வேண்டும். வயது கூடக் கூட வளையங்கள் கழன்று குறைகின்றன. தாயின் வயதோடு டிரைசோமிகள் கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று இன்று கருதுகிறார்கள். 21-ஆவது குரோமோசோம் மூன்றாக இருப்பதே டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் என்று 1959-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கான வாய்ப்பு 25 வயதுத் தாய்க்கு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு, 40 வயதில் நூற்றில் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. எனக்கு 36. அத்தனை வருடம் அந்தக் கட்டு தாங்கியதே பெரிது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அம்மாவின் கேள்விக்கு டாக்டர் சொன்ன பதிலும் இதுதான். "உங்க வயித்துல எல்லாம் சரியாத்தான் கட்டியிருக்கும்மா. கட்டினதுல தப்பில்ல. நாள் ஆனதுல ஒண்ணு நைஞ்சிருக்கு. அதை யாராலயும் தடுத்திருக்க முடியாது, யாரும் செஞ்சதும் இல்ல." அம்மா தலையாட்டினார், ஆனால் சமாதானம் ஆகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தாளை மறுபடி திருப்பி, அந்த மூன்று கோடுகளைக் காட்டி, "இதுல எது யாரோடது?" என்று கேட்டார். டாக்டர் சொன்னார்: ஒன்று என் கணவருடையது, மற்ற இரண்டும் என் முட்டையிலிருந்து வந்தவை. "அந்த ரெண்டுல ஒண்ணு உங்ககிட்ட இருந்து உங்க பொண்ணுக்கு வந்தது. இன்னொண்ணு உங்க வீட்டுக்காரர் கொடுத்தது. அது ரெண்டும் பிரியாம ஒண்ணாவே வந்திருச்சு, அனேகமா."

அப்பா இறந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. அம்மா எதுவும் சொல்லவில்லை. அந்த மூன்று கோடுகளின் மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை. டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

குன்றல்

குன்றல் பகுப்பு என்ற பெயர் ரொம்ப நாள் எனக்கு வலித்தது. குன்றுதல் என்றால் குறைதல், தேய்தல். கிரேக்க மொழியிலும் அதே பொருளில்தான் மியாசிஸ் என்று 1905-இல் ஃபார்மரும் மூரும் பெயர் வைத்தார்கள். இழந்தவளுக்கு இப்படி ஒரு சொல்லா என்று இருந்தது. பிறகு அதை வேறு மாதிரி பார்க்க முடிந்தது. 1883-இல் எட்வார்ட் வான் பெனடென் என்ற பெல்ஜிய நாட்டு விஞ்ஞானி, குதிரையின் குடலில் வாழும் உருளைப்புழுவை ஆராய்ந்தார். அதன் குரோமோசோம்கள் மிகக் கொஞ்சம், எண்ணுவது எளிது. முட்டையிலிருந்து இரண்டு, விந்தணுவிலிருந்து இரண்டு, சேர்ந்த செல்லில் நான்கு என்று கண்டார். இரு பக்கமும் சமபங்கு. அதற்கு நான்கு வருடம் கழித்து ஆகஸ்ட் வைஸ்மன் ஒரு தர்க்கத்தை முன்வைத்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் இரண்டு பங்கு சேர்ந்துகொண்டே போனால் அளவு பெருகிக்கொண்டே போகும், ஆகவே சேர்வதற்கு முன்னால் எங்கேயோ பாதியாகும் பகுப்பு ஒன்று இருந்தே தீர வேண்டும். நம் கணக்கில் சொன்னால் 46, 92, 184 என்று போய்க்கொண்டே இருக்கும். அப்படிப் போகவில்லை என்றால் யாரோ எங்கேயோ விட்டுக்கொடுக்கிறார்கள் என்றுதானே பொருள்?

விட்டுக்கொடுப்பதுதான் அது. இன்னொருவருக்கு இடம் வேண்டும் என்றால் நான் முழுதாகப் போய் நிற்க முடியாது. என்னில் பாதியைத்தான் கொண்டுபோக வேண்டும், அதுவும் எந்தப் பாதி என்று நான் தேர்ந்தெடுக்க முடியாது. முட்டை இதைச் செய்யும் விதத்தைப் பாருங்கள். இரண்டாகப் பிரியும்போது சமமாகப் பிரிவதில்லை. உணவுச் சேமிப்பு எல்லாவற்றையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, பாதிக் குரோமோசோம்களை மட்டும் ஒரு துளிச் செல்லில் வைத்து ஓரமாகத் தள்ளிவிடுகிறது. துருவ உறுப்பு என்பார்கள். வருகிற கருவுக்குச் சாப்பாடு குறையக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. என்னுடைய அந்த முட்டை ஓரமாகத் தள்ளிய துளியில் 16-ஆவது குரோமோசோமே இல்லாமல் போயிருக்கும். இங்கே ஒன்று கூடினால் அங்கே ஒன்று குறைந்துதானே ஆக வேண்டும்.

சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், நான் உள்ளே இருக்கிறேன் என்று தெரியாமல், "ஓடியாடி வேலை பார்க்கற பொண்ணு, அதான் நிக்கல போல" என்றார். அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. "அவ ஒண்ணும் செய்யல. அவ பிறக்கறதுக்கு முன்னாடி கட்டின கட்டு, நைஞ்சுபோச்சு. என் வயித்துல கட்டினது. நானும் ஒண்ணும் செய்யல." குரல் உயரவில்லை. அப்புறம் பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

அந்தத் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். முன்பக்கம் படம், பின்பக்கம் நீலமும் சிவப்பும். படத்துக்குக் கீழே ஒரு வரி: 47, எக்ஸ்எக்ஸ், கூட்டல் 16. எக்ஸ்எக்ஸ் என்றால் பெண். ஒன்பது வாரம்தான் ஆகியிருந்தது. வளர்ந்திருந்தால், இன்னும் இரண்டு மூன்று வாரத்தில், அவளுக்குள்ளும் லெப்டோட்டீன் தொடங்கியிருக்கும்.